அஞ்சலை டீயோடு போட்ட மாத்திரை

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் அட்டெண்டர் பெண்களிடம் அரை மணி நேரம் பேசச் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் அனுப்பியிருந்தார்கள். நாலு பேர் முன்னால் நின்று பேச எனக்கு வராது. நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதித் தருகிறேன், உங்களில் ஒருத்தி படித்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். ஐந்தாவது வரைக்கும் படித்த கை. தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

தரை துடைப்பது, பெட்ஷீட் மாற்றுவது, எந்தக் குப்பை எந்த டப்பாவில் என்பதெல்லாம் சிஸ்டர்கள் காட்டிக்கொடுப்பார்கள். அதைச் சொல்ல நான் வேண்டியதில்லை. முப்பது வருஷம் அட்டெண்டராக இந்தச் சனங்களோடு மல்லுக்கட்டியதில் எனக்குச் சேர்ந்திருக்கிற எரிச்சலைத்தான் சொல்லப்போகிறேன். அதில் பாதி எரிச்சல் என் மேலேயே.

நம்மிடம் வருகிறவர்களில் சர்க்கரைக்காரர்களும் தைராய்டுக்காரர்களும் நிறைய. இரண்டுமே சுரப்பி சம்பந்தப்பட்டவை. உடம்புக்குள் அங்கங்கே சின்னச் சின்னதாகச் சுரப்பிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் துளித் துளியாக ஒரு சாறை ரத்தத்தில் விடும். அதைத்தான் ஹார்மோன் என்கிறார்கள். அது கூடினாலும் தொல்லை, குறைந்தாலும் தொல்லை. சரியான அளவில் இருக்கிறவரைக்கும் அப்படி ஒன்று இருப்பதே நமக்குத் தெரியாது.

இதை நம் ஆட்களுக்குச் சொல்லிப் பாருங்கள். ஒருத்தர் இன்சுலினை ஃப்ரீசரில் மீனோடு வைத்துக் கட்டியாக்கிவிட்டு, “உங்க மருந்து வேலையே செய்யல” என்று சண்டைக்கு வந்தார். ஒரு அம்மாவிடம் தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போடச் சொல்லிச் சொல்லி சிஸ்டருக்கு வாய் வலித்துப் போனது. “இட்லிதானம்மா துன்னன், சோறா துன்னன்?” என்றது அந்த அம்மா. இன்னொருத்தி தன் தைராய்டு மாத்திரையில் நாத்தனாருக்குப் பங்கு கொடுத்திருக்கிறாள், அவளும் இளைக்கட்டும் என்று. நாத்தனார் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ள ஆட்டோவில் வந்து இறங்கினாள். இவள் பக்கத்தில் நின்றுகொண்டு, “நல்லதுக்குத்தான குடுத்தன்” என்கிறாள்.

சரி, அவர்களைத் திட்டியாகிவிட்டது. இனி என் கதைக்கு வருகிறேன்.

அஞ்சலை எங்கள் தெருக்காரி. நடவுக்குப் போகிற பெண்களில் அவள்தான் முன்னால் நிற்கிறவள். அவள் கை ஓடுகிற வேகத்துக்கு மற்றவர்கள் ஈடுகொடுக்க வேண்டும். நான் காலை டூட்டிக்குக் கிருமாம்பாக்கம் பஸ்ஸைப் பிடிக்கப் போகும்போது அவளும் கூட வருவாள். பஸ் நிறுத்தத்து டீக்கடையில் இரண்டு பேரும் டீ குடிப்போம். நான் பஸ் ஏறுவேன், அவள் கழனிக்கு இறங்குவாள்.

டீ கைக்கு வந்ததும் அஞ்சலை இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுப்பாள். உள்ளே நான்கு மாத்திரைகள். ரோஸ் கலரில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, வெள்ளையில் இரண்டு. அந்த வெள்ளையில் ஒன்று மிளகு மாதிரிச் சின்னது. நான்குக்கும் சேர்த்துப் பெயர் செட்டு. மூட்டு வலி என்று கடையில் போய் நின்றால் அட்டையிலிருந்து பிதுக்கி, காகிதத்தில் மடித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். சீட்டும் கிடையாது, பெயரும் கிடையாது. நடவுக்குப் போகிற பெண்களில் பாதிப் பேர் அதைப் போட்டுக்கொண்டுதான் சேற்றில் இறங்குவார்கள். வெற்றிலை போடுகிற மாதிரி அது ஒரு பழக்கம்.

“நீயும் ஒண்ணு போடேன் யக்கா, இடுப்ப புடிச்சிக்கினு நடக்கிறியே” என்றாள் ஒரு நாள்.

போட்டேன். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள், டாக்டர் இருக்கிற இடத்தில் காலை முதல் மாலை வரை நடமாடுகிறவள், டீக்கடையில் நின்று பெயர் தெரியாத மாத்திரையைப் போட்டேன். நான்கு நாள் போட்டேன். பொய் சொல்வானேன், இடுப்பு என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று. ஐந்தாம் நாள் வயிறு எரிந்ததால் விட்டுவிட்டேன். அஞ்சலை விடவில்லை. இரண்டு வருஷம் போட்டாள்.

அந்த இரண்டு வருஷத்தில் அவள் முகம் வட்டமாகிக்கொண்டே வந்தது. கன்னம் உப்பிற்று, வயிறு பெருத்தது, கைகால் மட்டும் குச்சியாகிக்கொண்டே போனது. வளையல் லேசாக இடித்தாலே தோலுக்கடியில் கத்தரிப்பூ நிறத்தில் திட்டு விழும். நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? “அஞ்சலைக்கு ஒடம்பு தேறிடுச்சி, மொகத்துல களை வந்துடுச்சி” என்றோம். நானும்தான் சொன்னேன்.

அந்த ஆடியில் எங்கள் ஊர்த் தீமிதிக்கு அவள் காப்புக் கட்டிக்கொண்டாள். மூட்டு வலி போக வேண்டும் என்று வேண்டுதல். காப்புக் கட்டின மறுநாள் டீக்கடையில் பொட்டலத்தைக் காணோம்.

“இன்னாடி, செட்டு போடல?” என்றேன்.

“ஆத்தாகிட்ட மூட்டு வலிய எடுத்துக்கோன்னு கேட்டுட்டு, இந்தாண்ட மாத்திரையும் போட்டா ஆத்தாள நம்பாத மாரி ஆவாதா? இனிமே தொட மாட்டன்” என்றாள்.

அவள் சொன்னது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

அதற்கப்புறம் நாலைந்து நாள் அவள் டீக்கடைக்கு வரவில்லை. விரதம், கோயில் வேலை என்று நினைத்துக்கொண்டேன். காப்புக் கட்டின ஏழாம் நாள் காலை பத்து மணி சுமாருக்கு அவள் மகள் சுமதி அவளை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு எங்கள் ஆஸ்பத்திரிக்கே வந்தாள். மஞ்சள் புடவை, மணிக்கட்டில் காப்பு, தலைமாட்டில் வேப்பிலைக் கொத்து. கண் செருகியிருந்தது. இரண்டு நாளாக ஓயாமல் வாந்தி என்றாள் சுமதி. கட்டிலில் கிடத்தும்போது கை பனிக்கட்டியாக இருந்தது. ஆடி வெயிலில்!

டூட்டியில் இருந்தது ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. பிரஷர் பார்த்தார், எண்பதுக்குக் கீழே. விரலைக் குத்திப் பார்த்தார், சர்க்கரையும் இறங்கிக் கிடந்தது. குளுக்கோஸ் பாட்டிலை மாட்டச் சொல்லிவிட்டுச் சுமதியிடம் கேட்டார்: “சுகர் இருக்கா? வேற ஏதாவது வியாதி? தெனமும் மாத்திரை ஏதாவது சாப்பிடறாங்களா?”

“ஒண்ணியும் இல்லம்மா. எங்கம்மா ஒடம்பு இரும்பு. ஒரு தலைவலி மாத்திரை போட்டதில்ல. காப்பு கட்டிக்கினு ஒரு வேள சாப்பாடு, அதான் கெறங்கிடுச்சி.”

பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் நான்தான் நின்றேன். நன்றாகப் பாருங்கள், டாக்டர் கேட்ட கேள்விக்குப் பதில் அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். சுமதி பொய் சொல்லவில்லை. அவளுக்கு அது மாத்திரையாகவே தெரியவில்லை. அம்மா டீயோடு எதையோ போடுவாள், அவ்வளவுதான். எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை என்று இத்தனை நாளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு டாக்டர் நோயாளியிடம் பேசிக்கொண்டிருந்தபோது நடுவில் ஏதோ சொல்லப்போய், “உன்னைக் கேட்டேனா?” என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து கேட்டால்தான் பேசுவது என்று வைத்துக்கொண்டேன். இதை ஒரு காரணமாகச் சொல்லலாம். இன்னொன்று, செட்டை நிறுத்தியதற்கும் இந்த மயக்கத்துக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. மாத்திரை போட்டதால் ஒன்று வரும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், போடாமல் விட்டதால் வரும் என்று யார் கண்டார்கள்? ஆனால் உண்மையான காரணம் இது இரண்டும் இல்லை. ‘உங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்று டாக்டரம்மா திருப்பிக் கேட்டால் நானும் போட்டேன் என்று சொல்ல வேண்டி வரும். வெட்கம். வேறு ஒன்றும் இல்லை.

முதல் பாட்டில் இறங்கியது. பிரஷர் ஏறவில்லை. இரண்டாவது பாட்டில் மாட்டினார்கள். ஏறவில்லை. பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஆம்புலன்ஸுக்குச் சொன்னார்கள், வர அரை மணி ஆகும் என்று பதில் வந்தது. டாக்டரம்மாவின் நெற்றி வேர்த்தது. “வெறும் விரதம்னா இந்நேரம் ஏறியிருக்கணுமே சிஸ்டர்” என்றார்.

எங்கள் பெரிய சிஸ்டர் ஒருத்தர் இருந்தார். அதிகம் பேச மாட்டார், பார்வையாலேயே வேலை வாங்குவார். அவர் இன்னொரு நரம்பு பார்க்க அஞ்சலையின் கையிலிருந்த பிளாஸ்திரியை மெதுவாக உரித்தார். பிளாஸ்திரியோடு தோலும் வந்துவிட்டது. வெங்காயச் சருகு மாதிரி. பெரிய சிஸ்டர் அப்படியே நின்றுவிட்டார். “நடவுக்குப் போற கை, தோல் ஏன் இப்படி இருக்கு?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

அதைப் பார்த்த பிறகு பேசாமல் நிற்க முடியவில்லை. அவர் முழங்கையைத் தொட்டேன்.

“சிஸ்டர், அவ தெனமும் செட்டு போடுவா. காப்பு கட்டுன அன்னிக்கி நிறுத்திட்டா.”

என் குரல் எனக்கே கேட்கவில்லை. “இன்னா சொல்றீங்க? சத்தமா சொல்லுங்க” என்றார்.

சொன்னேன். டாக்டரம்மா திரும்பினார். “எத்தனை நாளா போட்டாங்க?”

“ரெண்டு வருசமா.”

“அதுல சின்னதா வெள்ளை மாத்திரை ஒண்ணு இருக்குமா?”

“மொளகு சைசுல ஒண்ணு இருக்கும்மா.”

சுமதிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “பெரிம்மா, உனக்கு இன்னா தெரியும்? சாமிக்கு இருக்கறவள பத்தி எதுனா பேசாத. எங்கம்மா மாத்திரைய கையால தொட்டது கெடையாது!”

“நீ இரும்மா” என்று அவளை அடக்கிவிட்டு, டாக்டரம்மா என்னைப் பார்த்தார். “உங்களுக்கு எப்படித் தெரியும்?”

வந்தது அந்தக் கேள்வி. சுமதி நிற்கிறாள், பெரிய சிஸ்டர் நிற்கிறார், கதவோரம் ஓ.பி. சீட்டோடு நாலைந்து பேர் எட்டிப் பார்க்கிறார்கள்.

“நானும் போட்டிருக்கம்மா” என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை, யாரும் திட்டவில்லை. அவர்களுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டு, “ஸ்டீராய்டு! சிஸ்டர், ஹைட்ரோகார்ட்டிசோன் எடுங்க” என்றார். ஆஸ்துமாக்காரர்களுக்காக அவசரத் தட்டில் எப்போதும் வைத்திருக்கிற மருந்துதான். கட்டிலிலிருந்து நான்கு அடி தூரத்தில் அத்தனை நேரமும் அது இருந்தது.

ஊசி போன பிறகு பிரஷர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறத் தொடங்கியது. எண்பத்தாறு, தொண்ணூறு. ஆம்புலன்ஸ் வந்து ஏற்றும்போது அஞ்சலை கண்ணைத் திறந்துவிட்டாள். எங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, “இன்னாத்துக்கு எல்லாம் சுத்தி நிக்கிறீங்க, நான் இன்னா செத்தா பூட்டன்?” என்றாள். சுமதி ஓவென்று அழுதாள்.

வண்டி போன பிறகு டாக்டரம்மா கை கழுவிக்கொண்டே என்னிடம் கேட்டார். குரலை உயர்த்தவில்லை. “அவங்க வந்தப்போ மணி பத்து பத்து. நீங்க சொன்னப்போ பத்து அம்பது. நாப்பது நிமிஷம் அங்கேயேதான நின்னீங்க?”

நான் செட்டு போட்டதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதற்காக வாயை மூடிக்கொண்டிருந்தேனோ அது அங்கே யாருக்கும் ஒரு பொருட்டாகவே இல்லை. அந்த எரிச்சல் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

உள்ளே என்ன நடந்தது என்பதைப் பெரிய சிஸ்டர்தான் மத்தியானம் சாப்பிடும்போது சொன்னார். சிறுநீரகத்தின் மேல் தொப்பி வைத்த மாதிரி பக்கத்துக்கு ஒரு சுரப்பி இருக்கிறதாம். அட்ரினல் என்று பெயர். காய்ச்சல், பட்டினி, அடி, பயம் என்று எது வந்தாலும் பிரஷரையும் சர்க்கரையும் விழவிடாமல் தாங்கிப் பிடிக்கிற ஹார்மோனைச் சுரப்பது அதுதான். எவ்வளவு சுரக்க வேண்டும் என்று உத்தரவு போடுவது மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கிற இன்னொரு சுரப்பி. ரத்தத்தில் குறைந்தால் ‘சுர’ என்று ஆள் அனுப்பும், போதுமென்றால் நிறுத்திக்கொள்ளும். நாள் பூரா இதே வேலை. டாக்டரம்மா ஸ்டீராய்டு என்று சொன்ன அந்த மிளகு மாத்திரையும், போட்ட ஊசியும் அதே ஹார்மோன் செய்கிற வேலையைச் செய்கிற சாமான்தான். அஞ்சலையின் முகம் உப்பியதும் தோல் சருகானதும் அது கூடினதால்தானாம்.

“உங்க வூட்டுக்கு மருமவ வந்தப்பறம் நீங்க அடுப்பாண்ட போனீங்களா?” என்று கேட்டார்.

“அவ எங்க உட்டா? நானும் போவல.”

“அதேதான். வெளியிலேர்ந்து தெனமும் மாத்திரை வந்தா, உள்ள இருக்கற சுரப்பி ‘நம்மதான் வேணாமே’ன்னு படுத்துக்கும். ரெண்டு வருஷம் படுத்துக் கெடந்தது. திடீர்னு ஒரு நாள் மருமவ பொட்டியத் தூக்கிக்கினு அம்மா வூட்டுக்குப் போயிட்டா. மாமியாருக்குப் பொழுது விடிஞ்சா அடுப்பு பத்த வைக்க கை வருமா? வூட்டுல எல்லாரும் பட்டினி. மருமவ ஒரு நாள் இருந்து, ஒரு நாள் போயி, கொஞ்சம் கொஞ்சமா விட்டிருந்தா மாமியாருக்கும் பழசு ஞாபகம் வந்திருக்கும்.”

பட்டாணி அளவு இருக்கிற ஒன்று, இவ்வளவு தூரம் தள்ளியிருக்கிற இன்னொன்றுக்கு விடாமல் சேதி சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஒரே கட்டிலைச் சுற்றி நின்ற நாங்கள் ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை சொல்ல நாற்பது நிமிஷம் எடுத்துக்கொண்டோம். இதில் நாங்கள் ஆஸ்பத்திரிக்காரர்கள்.

பத்து நாள் கழித்து அஞ்சலை வீடு திரும்பினாள். நன்றி சொல்வாள் என்று நினைக்கிறீர்களா? தெருவில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தீமிதி தவறிப்போனதே, அந்தக் கோபம். சுமதியோ, “சாமிக்கு இருந்தவள மாத்திரக்காரின்னு நாலு பேரு முன்னால சொல்லிட்டியே பெரிம்மா” என்று இரண்டு மாதம் பேச்சை நிறுத்தினாள். மனுஷி பிழைத்தது யாருக்கும் கணக்கில் வரவில்லை! மூன்றாவது மாதம் அஞ்சலையே டீக்கடைக்கு வந்து, என்னைக் கேட்காமலே எனக்கும் சேர்த்து டீ சொன்னாள்.

“சாமி என்ன கூப்பிட்டுது. நீ நடுவுல பூந்து இஸ்துப் போட்டுட்ட” என்றாள்.

“ஆமாண்டி, எனக்கு வேற வேல இல்ல” என்றேன். அதோடு சரியாகிவிட்டது.

இப்போது அவளுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை. அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வந்தார்கள். தானாக ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது, காய்ச்சல் வாந்தி என்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடி வர வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னார்கள். அந்தச் சுரப்பி முழுசாக விழித்துக்கொள்ள எத்தனை மாதம் ஆகும் என்று டாக்டருக்கே தெரியாதாம். அஞ்சலை எல்லாவற்றுக்கும் மண்டையை ஆட்டினாள். மூட்டு வலி அப்படியே இருக்கிறது. நடவில் முன்னால் நிற்பதை மட்டும் விட்டுவிட்டாள்.

உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். டாக்டர் கேட்பார், சிஸ்டர் எழுதிக்கொள்வார். ஆனால் நோயாளியோடு ஒரே தெருவில் குடியிருப்பது நீங்கள்தான். ஒரே பஸ்ஸில் வருகிறவர்களும் ஒரே கடையில் டீ குடிக்கிறவர்களும் நீங்கள்தான். ‘மருந்து ஏதாவது சாப்பிடறீங்களா’ என்று கேட்டால் நம் சனங்கள் ஒன்றும் இல்லை என்றுதான் சொல்வார்கள், ஏனென்றால் தினமும் போடுவது அவர்கள் நினைப்பில் சாப்பாட்டோடு சேர்ந்துவிட்டது. காலையில் எழுந்ததிலிருந்து வாயில் என்னென்ன போட்டாய் என்று கேளுங்கள். கேட்க வெட்கமாக இருந்தால் சிஸ்டர் காதிலாவது போடுங்கள். திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும். ஃபோனைக் கொஞ்ச நேரம் உள்ளே வையுங்கள், காதைக் கட்டில் பக்கம் வையுங்கள்.

கடைசியாக ஒன்று, நான் ஓய்வு பெறுவதற்குச் சில வாரம் முன்பு நடந்தது. அந்தச் சின்ன டாக்டரம்மா மாற்றலாகிப் போய், புது டாக்டர் வந்திருந்தார். ஓ.பி.யில் கூட்டம். அஞ்சலை சளி, இருமல் என்று வந்து அவர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். நான் ஹாலின் அந்தக் கோடியில் தரை துடைத்துக்கொண்டிருந்தேன்.

“தெனமும் மாத்திரை எதாவது எடுத்துக்கறீங்களா?” என்று டாக்டர் கேட்டது என் காதில் விழுந்தது.

“ஒண்ணியும் இல்ல சார்” என்றாள் அஞ்சலை, மடியில் மாத்திரைப் பையை வைத்துக்கொண்டு.

டாக்டர் சீட்டில் எழுதிவிட்டுப் பேனாவை மூடினார்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் குரல். “ஏய் அஞ்சல! காலையில டீயோட இன்னா போட்ட, அத சொல்லுடி!”

மொத்த ஹாலும் திரும்பிப் பார்த்தது. முப்பது வருஷத்தில் என் குரலை முதல் முறையாகக் கேட்டவர்கள் அதில் பாதிப் பேர். முகமெல்லாம் எனக்குச் சுட்டது. ஆனாலும் மாப்பை ஊன்றிக்கொண்டு அங்கேயே நின்றேன்.

அஞ்சலை சாவகாசமாகத் திரும்பினாள். “அதுவா? அது எப்பவும் போடறதாச்சே யக்கா.”

டாக்டர் பேனாவை மறுபடி திறந்தார். நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்கவில்லை.